பொழுது அறிந்த கொடிகள்

பீர்க்கம்பூவைப் பார்க்க ஆசைப்படுகிறவர் காலையில் தோட்டத்துக்குப் போகக் கூடாது. மாலை ஐந்தரை, ஆறு மணிக்குத்தான் அந்த மஞ்சள் பூ மடல் விரிக்கும். இரவெல்லாம் திறந்திருந்து, மறுநாள் வெயில் ஏற ஏறச் சுருங்கிவிடும். அதே பந்தலில் நுரைப்பீர்க்கையும் ஏற்றிவிட்டால் வியப்பு இன்னும் கூடும். இரண்டும் ஒரே பேரினம். காய் பிடிக்கும்வரை எது எதுவென்று சொல்லக் கொஞ்சம் பழக்கம் வேண்டும். பூவும் அதே மஞ்சள்தான். ஆனால் நுரைப்பீர்க்கு விடியற்காலையில் பூக்கும். சுரையின் வெள்ளைப் பூ அந்தியில் மலரும். புடலம்பூ இருட்டிய பிறகு, இதழ் விளிம்பெல்லாம் நூல் நூலாகப் பிரிந்து விரியும். பூசணி கிழக்கு வெளுக்கும் முன்பே திறந்து முற்பகலில் மூடிக்கொள்ளும். வெண்டை காலையில் விரிந்து மாலைக்குள் வாடும். பத்தடிக்குப் பத்தடி மொட்டைமாடியில், ஒரே வெயிலையும் ஒரே தண்ணீரையும் வாங்கிக்கொண்டு, ஒவ்வொன்றும் தனக்கென்று ஒரு பொழுதை வைத்திருக்கிறது.

நாட்டுக் காய்கறிகளைத் தேடிப் பிடித்து வளர்ப்பவர்களிடம் காரணம் கேட்டால் ருசி என்பார்கள். மருந்தடிக்காத காய் என்பார்கள். அழிந்துபோகிற விதையைக் காக்கிறோம் என்பார்கள். மூன்றும் உண்மை. என்னைக் கேட்டால், அவற்றின் முதல் அழகு இந்தப் பொழுதறிவுதான். நேரம், மாதம், பருவம் மூன்றையும் விட்டுக்கொடுக்காத செடிகள் அவை. அவற்றை வளர்ப்பவர் தம் நாளை அவற்றின் நாளோடு பொருத்திக்கொள்ள வேண்டியிருக்கிறது. இந்தக் கலையின் சுகமே அந்தப் பொருத்தத்தில்தான் இருக்கிறது.

கபிலர் குறிஞ்சிப்பாட்டில் பூக்களை அடுக்கிச் சொல்லும்போது காந்தளுக்கும் குறிஞ்சிக்கும் இடம் கொடுத்த வரிசையிலேயே பீர்க்கம்பூவுக்கும் இடம் கொடுத்தார். சங்கப் பாடல்களில் தலைவியின் பசலை நிறத்துக்கு உவமையாக வருவதும் இந்தப் பூவே. காய்க்காக மட்டும் பீர்க்கை வளர்ப்பவர்கள் அந்த உவமையின் பாதியைத்தான் பார்க்கிறார்கள். வெளிச்சம் வடிகிற நேரத்தில், மற்றப் பச்சையெல்லாம் கறுக்கத் தொடங்கும்போது, அந்த வெளிர்மஞ்சள் மட்டும் தனித்து நிற்பதைப் பார்த்தவருக்கே முழு உவமையும் கிடைக்கும்.

அம்பத்தூரிலிருந்து திருமுல்லைவாயில், ஆவடி, பருத்திப்பட்டு வழியாகப் பூவிருந்தவல்லிவரை நீளும் சென்னையின் இந்த மேற்குப் புறநகருக்குக் கொடிகளோடு பழைய உறவு உண்டு. திருமுல்லைவாயில் தலபுராணத்தில், படையோடு வந்த தொண்டைமானின் யானையை வழிமறித்தது முல்லைக்கொடி. காலைச் சுற்றிப் படர்ந்து அது நகரவிடவில்லை என்கிறது கதை. பூவிருந்தவல்லியில் பிறந்த திருக்கச்சி நம்பி, இங்கே நந்தவனம் வைத்துக் காஞ்சி வரதருக்குப் பூக்கட்டிக் கொண்டுபோனவர் என்பது வைணவ மரபு. அவ்வளவு பின்னால் போக வேண்டாம். 1949-இல் டி.ஐ. சைக்கிள், 1959-இல் டன்லப், 1960-களில் ஆவடி கனரக வாகனத் தொழிற்சாலை, 1964-இல் அம்பத்தூர் தொழிற்பேட்டை என்று வேலை பெருகியபோது, தமிழ்நாட்டின் எல்லா மாவட்டத்து ஆட்களும் இங்கே வந்து மனை வாங்கினார்கள். ஒரு கிரவுண்டு மனை, நடுவில் வீடு, பின்னால் கிணறு, கிணற்றடியில் வாழை, சேந்திய தண்ணீர் ஓடுகிற வாய்க்கால் ஓரத்தில் சேம்பு, மதிலில் அவரை. ஊருக்குப் போய்த் திரும்பும்போது புளியோடும் மிளகாயோடும் துணி முடிச்சில் விதையும் வந்தது. தமிழ்நாட்டு விதைகள் பலவும் ஒரே தெருவில் கூடிக்கொள்ள, தொழிற்சாலை ஊரைவிட வாகான இடம் வேறில்லை.

இப்போது அந்த மனைகளில் பாதிக்கு மேல் அடுக்குமாடிகள் எழும்பிவிட்டன. தோட்டம் மாடிக்கு ஏறிவிட்டது. 2013 வாக்கில் அரசின் தோட்டக்கலைத் துறை சென்னையிலும் கோவையிலும் மானிய விலையில் கொடுக்கத் தொடங்கிய மாடித்தோட்டப் பைகளும் தென்னைநார்க் கட்டிகளும் பலரை இதற்குள் இழுத்தன. கீரைக்கும் மிளகாய்க்கும் அந்தப் பை போதும். நாட்டுக் கொடிகளுக்குப் போதாது. சித்திரை வெயிலில் மெல்லிய பையின் மண் வேர்வரை கொதித்துவிடும். பாதியாக அறுத்த நீல டிரம், காயலான் கடையில் எடை போட்டு வாங்கிய இரும்புப் பைப்பில் எழுப்பிய பந்தல், அதன்மேல் நைலான் வலை: அம்பத்தூர் எஸ்டேட்டுக்குப் பக்கத்தில் இருப்பவர்களுக்கு இதெல்லாம் சுலபமாகக் கிடைக்கும். ஏரி வண்டல் கிடைத்தால் விடக் கூடாது. செம்மண், மக்கிய சாணம், கொஞ்சம் வேப்பம் புண்ணாக்கு, அதோடு வண்டல். இந்தக் கலவையில் பிடிக்காத கொடி அபூர்வம்.

இனி அவரைக்கு வருகிறேன். இந்தக் கட்டுரையை எழுதத் தூண்டியதே அதுதான்.

ஆடியில் ஊன்றினால் பழைய கொடியவரை ஆவணி, புரட்டாசி முழுக்க இலையாகவே படர்ந்துகொண்டிருக்கும். புதிதாக வளர்ப்பவர்கள் இந்தக் கட்டத்தில் கலங்கிப்போவார்கள். உரம் கூடிவிட்டதோ, விதை மலடோ என்று கொடியை வெட்டி எறிபவர்களும் உண்டு. கொடி சும்மா இல்லை. இரவின் நீளத்தைக் கணக்கிட்டுக்கொண்டிருக்கிறது. சென்னையின் மிக நீண்ட பகலுக்கும் மிகக் குறுகிய பகலுக்கும் இடையில் ஏறக்குறைய ஒன்றரை மணி நேரம்தான் வித்தியாசம். நாம் கவனிக்காத அந்தச் சிறு வித்தியாசத்தை அவரை கவனிக்கிறது. பகல் சுருங்கி, இரவு போதுமான அளவு நீண்டதும், ஐப்பசி கார்த்திகையில் இலைக்கணுவிலிருந்து பூங்கொத்து நிமிர்ந்து எழும். அதன்பின் தை கடந்தும் ஓயாமல் காய்க்கும்.

செடிகள் இப்படி இரவுபகல் நீளத்தைப் பார்த்துப் பூக்கின்றன என்பதை அமெரிக்க வேளாண் துறையின் கார்னர், அல்லார்டு என்ற இருவர் புகையிலையிலும் சோயாவிலும் சோதித்து 1920-இல் வெளியிட்டார்கள். குறுந்தொகையில் ஒரு தலைவி, தினை அறுத்த தாளில் படர்ந்த அவரை பூக்கிற பனிக்காலம் வந்தும் அவர் வரவில்லையே என்று தோழியிடம் வருந்துகிறாள். அவளுக்கு நாள்காட்டி அந்தக் கொடிதான். பாட்டு எழுதியவர் ஆராய்ச்சி செய்யவில்லை. புனத்தின் ஓரத்தில் நின்று, எந்தக் குளிரில் எந்தப் பூ வருகிறது என்று பார்த்திருக்கிறார். அவ்வளவு துல்லியமாகப் பார்த்ததால் பாடலின் வருத்தமும் துல்லியமாக இருக்கிறது. இன்றைக்கும் ஆவடியில் ஒரு மதில்மேல் படர்ந்த நாட்டு அவரை அதே குளிரில்தான் பூக்கிறது.

கோவையில் வேளாண் பல்கலைக்கழகம் வெளியிட்ட செடியவரை இரகங்கள் இந்தக் கட்டுப்பாட்டை நீக்கிவிட்டன. எந்த மாதம் விதைத்தாலும் குட்டையாக வளர்ந்து சீக்கிரம் காய்க்கும். பந்தல் செலவும் கிடையாது. அவரையை நம்பிப் பிழைக்கிற விவசாயிக்கு அது பெரிய உதவி. அதைக் குறைசொல்ல மாட்டேன். ஆனால் வீட்டுத்தோட்டக்காரருக்கு அவசரம் என்ன? அவர் காத்திருக்கலாம். யானைக்காது அவரையின் அகலமும், ஊதா விளிம்பு அவரையின் மணமும், பட்டையவரையைக் கிள்ளும்போது விரலில் ஒட்டும் அந்த எண்ணெய்ப் பிசுக்கும் காத்திருப்பவருக்கே கிடைக்கும். ஒன்றை மட்டும் சொல்லி வைக்கிறேன். இப்படிக் குறும்பகலில் பூக்கிற செடிகளுக்கு விடிய விடிய விளக்கு வெளிச்சம் பட்டால் கணக்குத் தப்பும், பூப்பது தள்ளிப்போகும். தெருவிளக்குக்கு நேர்கீழ் மதிலில் அவரையை ஏற்ற வேண்டாம்.

மொச்சையும் அவரையும் தாவரவியலில் ஒரே இனம். தோலோடு சமைப்பதை அவரை என்கிறோம், கொட்டைக்காக வளர்ப்பதை மொச்சை என்கிறோம். பொங்கல் கூட்டில் பச்சை மொச்சை இல்லாவிட்டால் எங்கள் பக்கத்தில் அது கூட்டே இல்லை. மார்கழித் திருவாதிரைக் களிக்குத் தொட்டுக்கொள்ள வைக்கும் ஏழுகறிக் குழம்பும் இந்தக் காய்கள் வரும் வேளையை ஒட்டியே வருகிறது. திவசச் சமையலில் உருளைக்கிழங்கும் முட்டைகோசும் தக்காளியும் இன்றும் விலக்கு. மிளகாய்க்குப் பதில் மிளகு. அவரையும் புடலையும் பாகலும் வாழைக்காயும் சேனையும் பிரண்டையும் அங்கே அசையாமல் இருக்கின்றன. யாரும் திட்டமிடாமலே நம் சடங்குகள் ஒரு காய்கறிப் பட்டியலை நூற்றாண்டுகளாகக் காத்து வந்திருக்கின்றன.

சந்தை அப்படிக் காக்கவில்லை. 1996-இல் திறந்த கோயம்பேட்டில் எந்த மாதமும் எந்தக் காயும் கிடைக்கும். 2020 மே மாதம் தொற்றின்போது அந்தச் சந்தை பூவிருந்தவல்லியை அடுத்த திருமழிசைக்கு இடம் மாறி வந்து சில மாதங்கள் நடந்தது. காய்கறி லாரிகள் எங்கள் வாசலிலேயே நின்றன என்று சொல்லலாம். வெங்காயமும் தக்காளியும் மலைபோல் குவிந்த அந்த இடத்தில் சிறகவரையும் மூக்குத்தி அவரையும் தேடினால் கிடைத்திருக்காது. மூட்டை கட்டி ஏற்றி இறக்கித் தாங்குகிற காய்கள் அல்ல அவை.

சிறகவரைக்கு ஒருமுறை உலகப் புகழ் வாசல்வரை வந்தது. 1975-இல் அமெரிக்க தேசிய அறிவியல் கழகம் இதைப் பற்றித் தனியாக ஓர் அறிக்கையே வெளியிட்டு, வெப்பநாடுகளின் புரதப் பயிர் இதுதான் என்றது. இலை, பூ, பிஞ்சு, கொட்டை, கிழங்கு எல்லாமே தின்னலாம்; முற்றிய கொட்டையின் புரதம் சோயாவுக்கு ஈடு. ஆனால் பெருவயலில் அது படியவில்லை. ஏறப் பந்தல் வேண்டும், பூக்க நீண்ட இரவு வேண்டும், காய்கள் ஒன்றாக முற்றாது. பெருவயலுக்கு உதவாத இந்தக் குணங்கள் வீட்டுத்தோட்டத்துக்கு வரம். தினம் ஒரு கைப்பிடி பறித்தால் ஒரு வேளைப் பொரியலுக்கு ஆயிற்று. விதையை இரவு முழுவதும் ஊறவைத்து ஆடியில் ஊன்றினால், ஐப்பசி மழையில் வெளிர்நீலப் பூ வரும். பிஞ்சை வளைத்தால் பட்டென்று ஒடிய வேண்டும். வளைந்துகொடுத்தால் நாள் தப்பிவிட்டது, கொட்டைக்கு விட்டுவிடலாம். குறுக்கே நறுக்கினால் நான்கு சிறகும் அலை விளிம்போடு விழும். பயத்தம்பருப்பும் தேங்காயும் போட்டு, நிறம் மாறும் முன் இறக்குவது என் பக்குவம்.

மூக்குத்தி அவரை அவரையே அல்ல. சர்க்கரைவள்ளியின் குடும்பத்தைச் சேர்ந்த கொடி. நாம் சமைப்பது அதன் காயையும் அல்ல. காயைத் தாங்குகிற காம்பை. பூ உதிர்ந்த கையோடு காம்பு சதைப்பிடித்துப் பளபளவென்று பருக்கும், நுனியில் ஒரு சிறு மொட்டுக் கொண்டையோடு. அந்த இளம் பருவத்தில் பறித்துவிட வேண்டும். விதை முற்றிய பின் காம்பு நார் ஏறிவிடும். விதை பேதிக்குக் கொடுக்கும் நாட்டுமருந்து, சமையலுக்கானதல்ல. பூ இளம் ஊதா, புனல் வடிவம், இரவில் மலரும். அந்துப்பூச்சிகள் சுற்றும். கேரளத்தில் இதை நித்திய வழுதன என்று வீட்டு வேலியில் விடுகிறார்கள். வத்தக்குழம்பில் போட்டால் புளியை உறிஞ்சி, கடிக்கும்போது உள்ளிருந்து பீறிடும். அதற்கு இணையான காய் எனக்குத் தெரியாது.

கத்தரியில் கவனிக்க வேண்டியது வேறு. ஒரே செடியின் பூக்களை உற்றுப் பாருங்கள். சில பூக்களில் சூல்முடி, மஞ்சள் மகரந்தக் கூம்பைத் தாண்டி வெளியே நீண்டிருக்கும். சிலவற்றில் கூம்புக்குள்ளேயே குறுகிக் கிடக்கும். நீண்டது காயாகும், குறுகியது உதிரும். பூ உதிர்கிறதே என்று மருந்தைத் தேடி ஓடுவதற்கு முன் இதைப் பார்க்கத் தெரிந்தால் பாதிக் கவலை தீரும். வேலூர் மாவட்டத்து இலவம்பாடி முள்ளுக்கத்தரிக்கு 2023-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. இலையிலும் தண்டிலும் காய்க்காம்பிலும் முள். பறிக்கும் கை பொறுமையாக இருக்க வேண்டும். எண்ணெயில் வதக்கினால் வெண்ணெயாகக் குழையும் அதன் சதைக்காக அந்த முள்ளை மன்னிக்கலாம். ஆவடிக்கும் வேலூருக்கும் வெயிலில் பெரிய பேதமில்லை, ஆகவே இங்கும் ஒத்துக்கொள்கிறது. சுண்டைச் செடியை வேராக வைத்துக் கத்தரியை ஒட்டுக்கட்டும் முறையும் இப்போது பரவிவருகிறது. வாடல் நோய் அண்டாமல் செடி நெடுநாள் நிற்கும்.

மணப்பாறை, அய்யம்பாளையம், கொட்டாம்பட்டி, பூனைத்தலை என்று ஊருக்கொரு கத்தரி நம்மிடம் இருக்கிறது. 2010 பிப்ரவரி 9 அன்று பி.டி. கத்தரிக்கு அன்றைய சுற்றுச்சூழல் அமைச்சர் ஜெய்ராம் ரமேஷ் தடை அறிவித்தபோது, இந்த வகைப் பெருக்கமும், கத்தரியின் தாயகங்களில் இந்தியாவும் ஒன்று என்பதும் வலுவான வாதங்களாக இருந்தன. வாதத்தில் வென்ற பிறகு அந்த வகைகளை யார் வளர்ப்பது என்ற கேள்வி அப்படியே நிற்கிறது. ஓர் இரகத்துக்கு ஒரு வீடு பொறுப்பேற்றாலும் அம்பத்தூரின் ஒரு வார்டு போதும்.

அபூர்வமாக இருப்பதாலேயே ஒரு காய் உயர்ந்ததாகிவிடாது. சிவப்பு வெண்டையை மாடியில் பார்க்க அழகு. சட்டியில் போட்டால் சிவப்பு கரைந்து பச்சையாகிவிடும். ருசியில் யானைத்தந்த வெண்டைதான் எனக்கு மேல். விரல் நீளம் தாண்டியும் நார் பிடிக்காது. விதை சேர்ப்பதே பொழுதுபோக்காகி, நூறு வகை உறையில் இருந்து நாலு வகை மண்ணில் இருக்கும் நிலையும் சில இடங்களில் உண்டு. உறைக்குள் விதை நாளுக்கு நாள் செத்துக்கொண்டிருக்கிறது. எல்லாவற்றையும் இங்கே கொண்டுவரவும் தேவையில்லை. அதலைக்காய் தென்மாவட்டக் கரிசலில் மழைக்குத் தானாக முளைத்து வருவது. அதன் கசப்பு அந்த மண்ணோடு சேர்ந்தது. விருதுநகர்ப் பக்கம் போகும்போது வாங்கிச் சாப்பிடுவதே அதற்கு மரியாதை.

கொடி உருளையை மட்டும் எல்லோருக்கும் சிபாரிசு செய்வேன். காய்வள்ளி என்றும் சொல்வார்கள். கிழங்கு கொடியில், இலைக்கணுவில், காற்றில் தொங்கும். மார்கழிக்குப் பிறகு கொடி காய்ந்து சாயும். கிழங்குகளைப் பொறுக்கிக் கூடையில் போட்டு அடுப்படி மூலையில் வைத்தால் மாசி, பங்குனி எல்லாம் உறங்கும். தண்ணீர் காட்டினாலும் எழாது. வைகாசி வாக்கில், யாரும் சொல்லாமல், கூடைக்குள்ளேயே முளை விடும். அப்போது நட்டால் போதும். இதில் கசப்பும் நஞ்சும் உள்ள காட்டு வகைகளும் உண்டு. ஆகவே சமைத்துச் சாப்பிட்டுவரும் வீட்டிலிருந்து மட்டுமே கிழங்கு வாங்க வேண்டும்.

விதை எடுப்பதும் பொழுதறிந்து செய்கிற வேலை. அவரை பெரும்பாலும் தன்மகரந்தம். நல்ல காயில் நூல் கட்டி முற்றவிட்டால் போதும். பீர்க்கு, சுரை, புடலை வண்டும் அந்தும் கலந்துவிடும் இனங்கள். பக்கத்து மாடியில் கலப்பினச் சுரை இருந்தால் நம் குடுவைச்சுரை அடுத்த தலைமுறையில் தன் வடிவத்தை இழக்கும். அன்று மாலை விரியப்போகும் ஆண் மொட்டையும், அடியில் பிஞ்சோடு இருக்கும் பெண் மொட்டையும் மதியமே நூலால் கட்டிவைத்து, பொழுது சாயும்போது அவிழ்த்து, ஆண் பூவால் பெண் பூவைத் தொட்டுவிட்டு மறுபடி கட்ட வேண்டும். அலுவலகத்திலிருந்து ஆறு மணிக்குள் வீடு திரும்ப இதைவிட நல்ல காரணம் வேண்டுமா?

சென்னைக் காற்றின் ஈரம் விதைக்கு முதல் எதிரி. விதையின் ஈரப்பதம் ஒரு சதவீதம் குறைந்தால் அதன் ஆயுள் ஏறக்குறைய இரட்டிக்கும். வைத்திருக்கும் இடத்தின் வெப்பம் ஐந்து டிகிரி குறைந்தாலும் அப்படியே. பாட்டிமார் சாம்பலில் புரட்டி, காய்ந்த சுரைக்குடுக்கைக்குள் அடைத்து, அடுப்புப் புகையில் தொங்கவிட்டது முதல் கணக்கைப் பார்த்து. நிழலில் உலர்த்தி, இறுக மூடும் கண்ணாடிப் புட்டியில் குளிர்ப்பெட்டிக்குள் வைக்கும் நாம் இரண்டாவதையும் சேர்த்துக்கொள்கிறோம். ஆரோவில்லில் தீபிகா குந்தாஜி அரித்துப்போன சரளை நிலத்தில் மண்ணையே உண்டாக்கி, பழைய காய்கறி இரகங்களின் விதையைப் பல்லாண்டுகளாகப் பெருக்கிவருகிறார். அதற்காக நாரி சக்தி விருதும் பெற்றார். கூழாங்கல்லில் அது முடியும் என்றால் ஏரி வண்டல் கிடைக்கும் ஊரில் ஏன் முடியாது? சட்டமும் நம் பக்கம்தான். 2001-ஆம் ஆண்டின் பயிர் இரகப் பாதுகாப்பு, உழவர் உரிமைச் சட்டம், சேமித்த விதையை மறுபடி விதைக்கவும் பகிரவும் உழவர்களுக்கு உள்ள உரிமையை ஏற்றுக்கொண்டிருக்கிறது.

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழையில் அம்பத்தூர் தொழிற்பேட்டையும் சுற்றுத் தெருக்களும் தண்ணீரில் நின்றன. அவரை பூத்துக் காய்க்கிற மாதம் அது. தரையில் இருந்த கொடிகள் வேரழுகின; 2016 வர்தா போன்ற காற்று வந்தால் மாடிப் பந்தலும் மிஞ்சாது. நம் கொடிகள் காய்க்கும் பருவமும் வங்கக் கடலில் புயல் எழும் பருவமும் ஒன்றாக இருக்கின்றன; இதை மாற்ற முடியாது. ஆகவே ஓர் இரகம் ஒரே வீட்டில் இருக்கக் கூடாது. ஆனி முடிவதற்குள் விதையைப் பிரித்துவிடுங்கள்: ஒரு பங்கு நமக்கு, ஒரு பங்கு மேட்டுத் தெருவில் இருக்கும் யாருக்காவது, ஒரு பங்கு பூவிருந்தவல்லிக்கு அந்தப் பக்கம் சொந்தக்காரர் இருந்தால் அவர்களுக்கு. இரகத்தின் பெயர், வந்த ஊர், பூக்கும் மாதம் மூன்றையும் உறைமேல் எழுதிக் கொடுங்கள். புரட்டாசி வாக்கில் ஒருமுறை போய், கொடி ஏறியிருக்கிறதா என்று பார்த்துவிட்டு வாருங்கள்; பூக்கவில்லையே என்று அவர்கள் வெட்டிவிடப் போகிற நேரம் அதுதான்.